தண்ணீர் சரிதான் என்றீர்கள், மீனைப் பார்த்தீர்களா?

காவிரியின் தண்ணீரையும், அதில் பிடிபடும் மீனையும், சந்தையில் விற்கும் உணவையும் கவனிக்கும் பொறுப்பில் இருக்கும் மாவட்ட அதிகாரிகளுக்கு,

நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. ஒரே ஒரு தாள். "மனுதாரர் குறிப்பிட்ட இடத்தில் ஆற்று நீர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கப்பட்டது. முடிவுகள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது." கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அதற்கும் கீழே ஒரு அட்டவணை: அமில காரத் தன்மை, கரைந்த உப்பு, கரைந்த ஆக்சிஜன், இன்னும் இரண்டு மூன்று வரி.

நான் மனுவில் கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை. "எங்கள் பரிசல் துறையில் பிடிபடும் மீனில் ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றுதான் எழுதியிருந்தேன். எழுதிக் கொடுத்தவள் வேதியியல் படித்த என் மகள். நகல் என்னிடம் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் இந்த நாலு பெயரில் ஒன்றுகூட இல்லை. மீன் என்ற சொல்லே அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மனுவை முடித்து வைத்தால் எப்படி? அதனால்தான் இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பவானிக்குக் கீழே, கரூருக்கு மேலே, ஆற்றங்கரையில் 25 வருஷமாக மீன் விற்கிறேன். வீட்டுக்காரர் பரிசலில் போவார். சாயங்காலம் வலை கட்டிவிட்டு வந்து, விடிகாலையில் போய் எடுப்பார். கரையில் மீனைத் தரம் பிரிப்பதும் விற்பதும் என் வேலை. கேட்பவர்களுக்கு அறுத்துச் சுத்தம் பண்ணியும் கொடுப்பேன். தினம் முப்பது நாற்பது மீனின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவள் நான். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஆற்றைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாமல் இருக்கலாம். மீனின் உள்ளே என்ன இருக்கும் என்று உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

முன்பெல்லாம் "ஆத்து மீன், ஆத்து மீன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டிகள் நிற்கும். குட்டையில் வளர்த்த மீனைவிட எங்கள் மீனுக்கு எப்போதும் விலை கூடுதல். குட்டை மீனைக் கொண்டுவந்து ஆத்து மீன் என்று பொய் சொல்லி விற்றவர்களோடு நான் மல்லுக்கு நின்றிருக்கிறேன். போன வருஷம் செல்போனில் ஒரு செய்தி சுற்றியது. காவிரி மீனில் விஷ உலோகம் இருக்கிறதாம், சாப்பிட்டால் இன்னின்ன நோய் வருமாம். எந்த இடத்து மீன், எந்த வகை மீன், யார் பார்த்தது, ஒன்றும் கிடையாது. பத்து நாள் கூடையில் கை வைக்க ஆள் இல்லை. அப்புறம் ஒருநாள் காலை, வண்டியை நிறுத்திய ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, இது ஆத்து மீனுங்களா, குட்டை மீனுங்களா?"

"குட்டை மீனுங்க" என்றேன். இரண்டு கிலோ ஜிலேபி மீன் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரிடம் எந்தப் பொய்க்காகச் சண்டை போட்டேனோ, அந்தப் பொய்யைத் தலைகீழாகத் திருப்பி நானே சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. அப்படி ஒரு பொய் தேவைப்பட்டதே, அதற்கு நீங்கள் பொறுப்பு. "இந்த மீனைச் சோதித்தோம், இது சாப்பிடலாம், இதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை இருந்திருந்தால், அவரிடம் நான் உள்ளதைச் சொல்லியிருப்பேன்.

இதை எழுதவே வேண்டாம் என்று பக்கத்தில் விற்கும் அக்கா சொன்னார். "நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கறதா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதுவும் தெரியாமல் இருப்பதால் எங்கள் பிழைப்பு ஏற்கெனவே பாதி போய்விட்டது.

மீன் செத்து மிதந்தால் நீங்கள் வருகிறீர்கள். மறுக்கவில்லை. ஜீப் வரும், பாட்டிலில் தண்ணீர் எடுப்பார்கள், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். சாக்கடைக் கழிவு சேர்ந்து வெயிலும் ஏறினால், விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நாங்களே பார்த்திருக்கிறோம். செத்த மீனை யாரும் வாங்கப் போவதில்லை, தின்னப் போவதும் இல்லை. எனக்குப் பயம் சாகாத மீனைப் பற்றித்தான். கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்தை உள்ளே சேர்த்துக்கொண்டு, துள்ளிக்கொண்டு, பளபளவென்று என் கூடைக்கு வருகிற மீன்.

சாயத் தண்ணீர் வந்த மறுநாள் மீனில் வாடை தெரியும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு போய்ப் பழுப்பேறி, விரலில் வழவழவென்று சளி ஒட்டும். அப்படிப்பட்ட மீனை நாங்களே கரையில் கொட்டி மண் போட்டு மூடிவிடுவோம். ஈயத்துக்கு வாடை கிடையாது. காட்மியத்துக்கு நிறம் கிடையாது. 25 வருஷம் மீனைத் தொட்ட கையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. அது கிருமி இல்லையே, செத்துப்போக. சதையோடு சேர்ந்த உலோகம்.

இனி உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். காலை 11 மணிக்கு, பாலத்துக்குப் பக்கத்தில், ஓடுகிற தண்ணீரில் ஒரு பாட்டில் மொண்டால் அந்த நிமிஷத்துத் தண்ணீர்தான் கிடைக்கும். கழிவு ராத்திரியில் வரும், மழையோடு வரும், அணையைத் திறந்து புதுத் தண்ணீர் வருகிற நாளில் அதோடு கலந்து வரும். விடிவதற்குள் கீழே போய்விடும். ஆனால் உலோகம் முழுவதும் தண்ணீரோடு போவதில்லை. களிமண்ணிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மற்ற அழுக்கு நாளாக நாளாக மக்கும், இது மக்காது. அதனால் மேலே ஓடுகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க, அடிச்சேற்றில் இருபது முப்பது வருஷத்துப் பாக்கி அப்படியே கிடக்கும். அந்தச் சேற்றைத்தான் கெளுத்தியும் மிருகாலும் ஆராலும் கிளறித் தின்கின்றன. புதுத் தண்ணீர் வேகமாக வரும்போது சேறு கிளம்பி, அடுத்த துறைக்குப் போய் மறுபடி படியும். வலையை இழுக்கிறவர்களுக்கு இது தெரியும். வெறும் வலை ஒருநாள் வெளுப்பாக வரும், ஒருநாள் கறுத்து, கையில் பிசுபிசுத்து வரும்.

மீன் என்றால் எல்லா மீனும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்றைக்காவது நீங்கள் சோதிக்க வந்தால் கட்லாவில் ஒரு துண்டுச் சதையை வெட்டிக்கொண்டு போய் "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது. ஈயம் எலும்பிலும் செவுளிலும் கூடுதலாகச் சேரும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும். பாதரசம் வேறு மாதிரி. அது சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போய், சதையிலேயே தங்கிவிடும். மற்ற மீனைத் தின்று வளரும் வாளை, வயசான பெரிய விரால் இவற்றில் தண்ணீரில் இருப்பதைப் போல லட்சம் மடங்குக்கும் மேல் சேர முடியும். ஈயமும் குரோமியமும் அப்படி ஏறுவதில்லை, சேற்றை மேய்கிற மீனில்தான் கூடுதல். ஆக, எந்த மீன், எந்த உறுப்பு, எந்த உலோகம் என்ற மூன்றையும் சொல்லாத எந்த அறிக்கையும் எங்களுக்கு உதவாது. தண்ணீரில் இல்லை என்ற அறிக்கை அதைவிட உதவாது.

உங்கள் பதில் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. என் மகள் அதிலேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். குடிதண்ணீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாளைக்கு 2 லிட்டர் குடித்தால், விளிம்பளவு இருந்தாலும், உள்ளே போவது 20 மைக்ரோகிராம் (ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). மீனில் ஈயத்துக்கு நம் நாட்டில் அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். 200 கிராம் மீன் சாப்பிட்டால் 60 மைக்ரோகிராம். அதாவது, சட்டப்படி சரியான மீனே, சட்டப்படி சரியான தண்ணீரைவிட மூன்று மடங்கு ஈயத்தைக் கொடுக்க முடியும். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் வாங்குகிற வீட்டுக்கு இதை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 9 மைக்ரோகிராம்கூட வராது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று இல்லை. தினம் மீன்தான்.

அதுவும் எந்த மீன் தெரியுமா? நல்ல மீன், பெரிய மீன், சதைப்பற்றான மீன் எல்லாம் விற்பனைக்கு. விற்காதது வீட்டுக்கு. வாங்க வந்தவர்கள் "தலை வேண்டாம், எடுத்துடுங்க" என்று சொன்ன தலைகள், வழித்தெடுத்த ஈரலும் சினையும், எடை போட முடியாத கெண்டைக் குஞ்சுகள், முள்ளோடு அப்படியே மென்று தின்கிற பொடி மீன்கள். எலும்பு, செவுள், ஈரல் என்று மேலே எழுதினேனே, அவை எல்லாம் எங்கள் பிள்ளைகளின் தட்டில்தான் விழுகின்றன. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. உடம்பில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் பிடிக்கும். பரிசல் குடும்பத்துப் பிள்ளைகளின் ரத்தத்தை இந்த 25 வருஷத்தில் ஒருமுறையாவது யாராவது எடுத்துப் பார்த்தார்களா? எனக்குத் தெரிந்து எங்கள் துறைக்கு யாரும் வந்ததில்லை.

இந்த மனுவை நான் எழுத வைத்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு விரால் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். உடம்புக்குத் தெம்பு என்பார்கள். வீட்டுக்காரர் தேடிப் பிடித்து ஒரு விராலை உயிரோடு வாளியில் கொண்டுவந்து வைத்தார். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். வாளியில் தண்ணீர் தளும்பத் தளும்ப வாலை அடித்துக்கொண்டு கிடந்தது. அருவாமனையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அறுக்காமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் இதே மீனை அறுத்துக் கொடுத்தவள்தானே நான்? "என்னம்மா?" என்று மகள் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். தாய் சாப்பிடுகிற மெத்தில் பாதரசமும் ஈயமும் கருவில் இருக்கும் பிள்ளைக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் அவள் சொல்லித்தான் தெரியும். இந்த விராலில் அது இருக்கிறதா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. கடைசியில் அந்த விராலை வீட்டுக்காரர் கொண்டுபோய்த் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தார். வந்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஒருவேளை அதில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். மீனில் நல்ல சத்து இருக்கிறது, கர்ப்பிணிக்கு அது வேண்டும். வீண் பயத்தில் ஒரு நல்ல மீனைத் தூக்கி ஆற்றில் போட்டேனா, இல்லை நல்ல காரியம் செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, உங்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸ் பெட்டியில் நாலு வகை மீனை வைத்துக்கொண்டு ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கும் போனோம். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சதையா, ஈரலா, முழு மீனாங்க்கா? எத்தனை உலோகம்?" என்று கேட்டார். ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு உறுப்புக்கும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனிக் கட்டணம். கூட்டிப் பார்த்தபோது எங்கள் ஒரு மாசத்து வருமானத்தைத் தாண்டியது. அப்புறம் அவரே சொன்னார்: "ரிப்போர்ட்டில 'மாதிரி வாடிக்கையாளர் கொண்டுவந்தது'ன்னுதான் போடுவோம். அதை வெச்சுக்கிட்டு ஆபீஸ்ல ஒண்ணும் கேக்க முடியாதுங்க. அவங்க எடுத்த மாதிரியாத்தான் இருக்கணும்." ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மீனைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஆக, எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆனால் அந்த "நீங்கள்" யார் என்பதில்தான் சிக்கல். தண்ணீரைப் பார்க்கிற அலுவலகத்தில் கேட்டால், மீன் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். மீனைப் பார்க்கிற அலுவலகத்தில், குஞ்சு விடுவது, உரிமம் கொடுப்பது, சங்கம் நடத்துவது எங்கள் வேலை, உலோகம் பார்க்கக் கருவி இல்லை என்கிறார்கள். உணவைப் பார்க்கிற அலுவலகத்தில், கெடாமல் இருக்க ஃபார்மலின் மருந்து தடவியிருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்போம், ஆறு எங்களுக்குக் கீழ் வராது என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் அவரவர் கணக்கில் சரியாகவே இருக்கலாம். நடுவில் மீன் நழுவிப் போகிறது.

கருவி இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற இறாலுக்கும் மீனுக்கும் ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் தின்கிற மீனைப் பார்க்கக் கருவி இருக்கிறது. இங்கே இருக்கிறவர்கள் தின்கிற மீனுக்கு மட்டும் இல்லையா?

இது கற்பனைப் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் காவிரித் தண்ணீரில் மருந்துக் கழிவுகளோடு ஆர்சனிக், குரோமியம், ஈயம், நிக்கல் மாதிரி உலோகங்களும் இருப்பதாகச் சொன்னார்கள். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த ஆலை 2001-ல் மூடப்பட்டது. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அங்குள்ள ஏரித் தண்ணீரோடு நிற்காமல் சேற்றையும் மீனையும் எடுத்துப் பார்த்து, மூன்றிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் எழுதினார்கள். மனசு வைத்தால் மீனைப் பார்க்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

ஜப்பானில் மினமாட்டாவில் மீன் தின்றவர்களின் நரம்பைத் தாக்கிய நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலைக் கழிவில் வந்த பாதரசம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். நடுவில் 12 வருஷம். அதற்குள் 1965-ல் நிகாட்டாவில், அகானோ ஆற்றில் மீன் பிடித்துத் தின்றவர்களுக்கும் அதே நோய் வந்துவிட்டது. முதலில் விழுந்தது யார்? மீனவக் குடும்பங்கள். மீன் மிச்சத்தைத் தின்ற பூனைகள் அவர்களுக்கும் முன்னால் சுற்றிச் சுற்றி ஓடிச் செத்தன. எங்கள் கூடையைச் சுற்றியும் நாலு பூனை இருக்கின்றன. நன்றாகத்தான் இருக்கின்றன, இருந்தாலும் அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அவை நடக்கிற நடையைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்னொரு கதையையும் மகள் சொன்னாள், அது உங்களுக்கு உடனே பிடித்துப் போகக்கூடிய கதை என்பதால் அதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுகிறேன். கனடாவில் வபிகூன் என்ற ஆற்றில் 1962 முதல் 1970 வரை ஒரு காகித ஆலைப் பக்கமிருந்து பாதரசம் கொட்டப்பட்டது. 1970-ல் மீன்பிடித் தொழிலை மூடினார்கள். ஆற்றங்கரைப் பழங்குடி மக்களுக்குத் தொழிலும் போனது, உடம்பும் போனது. நஷ்டஈடு ஒப்பந்தத்துக்கு 1985 வரை காத்திருந்தார்கள். இங்கேயும் "இந்த மீனைப் பிடிக்காதே, விற்காதே" என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போவது சுலபம். கொட்டினவர் ஆலை ஓட்டிக்கொண்டிருக்க, பிடித்தவர் பரிசலைக் கவிழ்த்து வைப்பதா? அப்படி ஒரு முடிவுக்காக நான் இந்த மடலை எழுதவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. தோல் பதனிடக் குரோமியம், முலாம் பூச நிக்கலும் குரோமியமும், பழைய பேட்டரி உருக்கினால் ஈயம், சில நீலப்பச்சைச் சாயங்களில் தாமிரம். எந்த ஆலை என்று பெயர் சொல்ல நான் வரவில்லை. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் ஆலைகள் கூடாது என்று 1989-லேயே அரசாணை வந்தது. 1998-ல் காவிரி போன்ற ஆறுகளுக்கு அதை 5 கிலோமீட்டராக்கினார்கள். ஆணை போட்டவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. எங்கள் துறையில் நின்று திரும்பிப் பார்த்தால் 5 கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், நடந்தே போயிருக்கிறேன். வழியில் என்ன இருக்கிறது என்று நீங்களும் ஒருநாள் நடந்து பாருங்கள்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கதையும் நமக்குப் புதிதில்லை. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத்தான் வந்தது. சாயக் கழிவு தேங்கி, கொஞ்ச வருஷத்தில் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும்படி ஆனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரை போனது. அந்த நொய்யலும் கரூர் மாவட்டத்தில் வந்து காவிரியில்தான் சேர்கிறது. குழாயை மூடினால் தண்ணீர் தெளியும். அடியில் படிந்த சேறு?

இப்போது நான் கேட்பது என்ன என்று தெளிவாகவே எழுதுகிறேன், மறுபடி தண்ணீர் அட்டவணை வராமல் இருக்க.

முடித்து வைத்த என் மனுவைத் திரும்பத் திறக்க வேண்டும். மூன்று அலுவலகங்களில் எது பொறுப்பு என்று நீங்களே உட்கார்ந்து முடிவு செய்து, ஒரே ஒரு அதிகாரியின் பதவியைக் குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். அவரிடம் மட்டும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

மீனை எடுக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது ஒருமுறை, புதுத் தண்ணீர் வந்து சேறு கிளம்பிய பிறகு ஒருமுறை, இப்படி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது. கழிவு ஓடைகள் கலக்கிற இடத்துக்கு மேலேயும் கீழேயும் எடுக்க வேண்டும், அப்போதுதான் எங்கிருந்து சேர்கிறது என்று தெரியும். சேற்றில் மேய்கிற கெளுத்தி, மீனைத் தின்கிற விரால் அல்லது வாளை, எல்லோரும் வாங்குகிற ஜிலேபி, பிறகு முள்ளோடு தின்கிற பொடி மீன், இந்த நாலும் கட்டாயம் இருக்க வேண்டும். சதை, ஈரல், செவுள் தனித்தனியாக. பொடி மீனை முழுசாக. ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், ஆர்சனிக், நிக்கல் என்ற ஆறு உலோகத்தையும் பார்க்க வேண்டும். அதே இடத்துச் சேற்றையும் கூடவே எடுங்கள். தண்ணீர் எடுப்பதானால் ராத்திரியிலும் எடுங்கள்.

முடிவு எதுவானாலும் எங்கள் துறையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். மைக்ரோகிராம் எல்லாம் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும். மேலே, இந்த மீன் தினமும் சாப்பிடலாம், இந்த மீன் வாரம் ஒருமுறை, இந்த மீனின் தலையும் ஈரலும் வேண்டாம், கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இதைத் தவிர்க்கவும் என்று மீன் பெயரோடு இருக்க வேண்டும். நல்ல மீன் என்று தெரிந்தால் அதையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். அதை என் கடையிலேயே மாட்டி வைக்கிறேன்.

பரிசல் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தத்தில் ஈயம், பாதரசம் பார்க்க முகாம் போட வேண்டும். கட்டணம் இல்லாமல்.

எந்த மீனையாவது பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தால், கடலில் 61 நாள் தடைக்காலத்துக்கு மீனவர்களுக்கு நிவாரணம் கொடுப்பது போல எங்களுக்கும் கொடுங்கள், அந்தப் பணத்தைக் கழிவு விட்டவர்களிடமிருந்து வசூலியுங்கள். தடையும் நிவாரணமும் ஒரே உத்தரவில் வர வேண்டும். முதலில் தடை, பிறகு பார்க்கலாம் என்றால் சம்மதிக்க மாட்டோம்.

வலை காலை ஐந்தரைக்குக் கரைக்கு வரும். ஆறரைக்குள் மீன் விற்றுப் போய்விடும், அதனால் அதற்கு முன்னால் வாருங்கள். எந்தக் கூடையிலிருந்து வேண்டுமானாலும் உங்கள் கையாலேயே எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஐஸ் பெட்டி எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஆற்றங்கரையில் மீன் விற்கும் ஒருத்தி